இரண்டாவது தாள்

ஜனவரி 9

என் அருமை வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ, உன் மனைவி, என் மருமகள் மூவரும் சுகந்தானே? என் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் முணுமுணுக்கிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

நாலு நாளாகப் போனில் உன்னைப் பிடிக்கப் பார்த்தேன். 'மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலக்கா, எழுதிப் போடு, ஆற அமரப் படிச்சுப் பதில் போடறேன்' என்று செய்தி அனுப்பினாய். சரி, எழுதுகிறேன். உன் மாமா போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்கப்புறம் இந்த வீட்டில் என் வாய்க்கும் வேலை இல்லை, பேனாவுக்கும் வேலை இல்லை. இரண்டில் ஒன்றாவது பிழைக்கட்டும்.

விஷயம் இதுதான். எங்கள் அலுவலகத்துக்குப் புதுக் கலர் பிரிண்டர் வாங்குகிறோம். எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது நான். நீயோ இருபது வருடமாக அச்சு மெஷின்களோடு குடித்தனம் நடத்துகிறவன். ஊர் ஊராகப் போய் அவற்றுக்கு நிறம் சரிசெய்து கொடுப்பதுதான் உன் பிழைப்பு. உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்?

எங்கள் வேலை உனக்குத் தெரியும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் மருந்து அட்டை தயாரிக்கிறோம். அவரவர் மாத்திரையை அதே அளவில், அதே நிறத்தில் அச்சடித்து, பகலில் போடுவது என்றால் பக்கத்தில் சூரியன், படுக்கும்போது போடுவது என்றால் நிலா சேர்க்கிறோம். போன மாதம் பழைய பிரிண்டர் ஒரு ஆரஞ்சு மாத்திரையைச் சிவப்பாக அடித்துவிட்டது. தச்சர் ஒருவர், பாவம், அட்டையில் இரண்டும் சிவப்பாக இருக்கக் குழம்பி, சிவப்பு மாத்திரைக்குப் பதில் அந்த ஆரஞ்சு ரத்தக்கொதிப்பு மாத்திரையை மூன்று வேளையும் போட்டுக்கொண்டு, இழைத்துக்கொண்டிருந்த பலகையின் மேலேயே மயங்கி விழுந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டார்.

'பெருசாகாமப் போச்சு, விடுங்க' என்கிறார் மேலாளர். அந்த அட்டையின் மூலையில் 'சரிபார்த்தேன்' என்று இருப்பது என் கையெழுத்து. என்னால் விட முடியவில்லை.

சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா


ஜனவரி 18

அன்பு அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். எனக்குக் கொஞ்சம் சளி, பருவம் மாறும்போது வருவதுதான். உன் முழங்கால் முணுமுணுத்தால் லிஃப்டில் போ. அங்கே இருப்பது எதற்கு?

தச்சர் விஷயம் படித்தேன். என்ன நடந்திருக்கும் என்று இங்கிருந்தே சொல்கிறேன். காலையில் வந்த முதல் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பாய். அது சரியாகத்தான் இருந்திருக்கும். மத்தியானம் மெஷின் சூடேறிய பிறகு வந்த தாளை யார் பார்த்தார்கள்? அதனால் ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

உனக்கு வேண்டியது 'லைட் புரொடக்‌ஷன்' என்று சொல்கிற ரகம். மேஜையோரப் பிரிண்டருக்கு அண்ணன், அச்சகத்து மெஷினுக்குத் தம்பி. விற்பனைக்காரர் வந்ததும் நிமிடத்துக்கு எண்பது தாள் என்று ஆரம்பிப்பார். அது மெல்லிய தாளுக்குச் சொல்லும் கணக்கு. உன் அட்டையின் தடிமனுக்கு அது பாதியாகிவிடும். அதனால் நீ உன் அட்டைக் கட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போ. விடாமல் ஐந்நூறு அடிக்கச் சொல். முதல் தாளையும் கடைசித் தாளையும் கேட்டு வாங்கு. அவர் டீ வாங்கித் தருகிறேன் என்று கூப்பிட்டால் போகாதே, மெஷினை விட்டு நகராதே.

முன்பக்கமும் பின்பக்கமும் பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார். லிஃப்ட் கதவை அள. மெஷினுக்குத் தனி மின்லைன் இருக்கிறதா, கெட்டுப்போனால் ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்று கேள்.

நிறத்தை மட்டும் என்னிடம் விட்டுவிடு. மாதிரித் தாளைத் தபாலில் அனுப்பு. போட்டோ எடுத்து அனுப்பாதே, போன் திரை தன் இஷ்டத்துக்கு நிறம் பூசும். ஆரஞ்சில் மட்டும் பத்து வகை பிரித்துச் சொல்லும் கண் இது. வேறு யாரிடமும் கேட்காதே.

உன் மருமகள் முத்தம் கொடுக்கச் சொல்கிறாள். காகிதத்தில் எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் மடித்து ஒட்டுகிறேன்.

உன் வாலு


பிப்ரவரி 3

வாலுக்கு,

சளி விட்டதா? சுடுதண்ணீர் குடிக்கிறாயா, இல்லை அதையும் உன் மனைவி துரத்தித் துரத்திக் கொடுக்க வேண்டுமா?

நீ சொன்னபடி அளந்தேன். பட்டியலில் இருந்த மூன்றில் ஒன்று லிஃப்டிலேயே அவுட். விற்பனைக்காரர் சளைக்கவில்லை. மாடிப்படி வழியாக ஏற்றலாம், மேலாளரின் அறைக் கதவை மட்டும் ஒரு நாள் கழற்ற வேண்டும் என்றார். அதுவரை அந்த மெஷினைத் தூக்கிவைத்து ஆடிய மேலாளர் அந்த நிமிடமே அதை மறந்துவிட்டார்.

மிச்சம் இரண்டு. வாய்க்குள் நுழையாத எண்களை விட்டுவிட்டு நானே பெயர் வைத்திருக்கிறேன். ஒருவன் வேகக்காரன். பளபளவென்று அடிக்கிறான், மேலாளருக்கு அவன்மேல்தான் கண். இன்னொருவன் நிதானக்காரன். தடிமனான அட்டை போட்டால் யோசித்து யோசித்துத் தள்ளுகிறான். ஆனால் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. வேகக்காரன் இரண்டு தரம் சிக்கினான். விற்பனைக்காரர் உள்ளே கைவிட்டு எடுத்தபோது அட்டை விசிறி மாதிரி மடிந்து வந்தது. 'இது புது மெஷின் மேடம், பழகணும்' என்றார். மெஷின் பழக வேண்டுமா நான் பழக வேண்டுமா என்று சொல்லவில்லை.

இரண்டிலும் அடித்த தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். ஆறு மாத்திரைகளின் படம். நிறம் எப்படி என்று எழுது. ஒவ்வொரு மாத்திரையாகச் சொன்னாலும் சரிதான், அலுக்க மாட்டேன்.

உன் கடிதம் வந்தால் உடனே பிரிப்பதில்லை. கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து பிரிக்கிறேன்.

உன் அக்கா


பிப்ரவரி 26

அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். வேலை கழுத்தை நெரிக்கிறது. நாங்கள் நலம். நீ நலமா?

தாள்கள் வந்தன. வேகக்காரனின் தாள் ஓரத்தில் சுருள்கிறது, உள்ளே சூடு அதிகம். அடுக்கி வைத்தால் ஒரு வாரத்தில் மேல் தாள்கள் படகு மாதிரி நிமிரும். பின்பக்கக் கட்டம் முன்பக்கத்தைவிட ஒரு நூல் இறங்கியிருக்கிறது, விரல் நகத்தை வைத்துப் பார்த்தால் தெரியும். நிதானக்காரனின் மடிப்பில் மை உதிரவில்லை. ஐந்தாறு தரம் மடித்துப் பார்த்தேன். சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற அட்டைக்கு அது முக்கியம். அலுவலகத்தில் மெஷின் வைக்கப்போகிற இடத்துக்கு எதிரே ஜன்னல் இருந்தால் திரை போடு. வெயில் நேரே விழக்கூடாது.

நிறத்தை நல்ல வெளிச்சம் உள்ள ஒரு நாளில் பார்த்து எழுதுகிறேன். இங்கே ஒரு வாரமாக மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது.

வாலு


மார்ச் 4

வாலுக்கு,

உன் ஊரில் மேகம் கலைந்ததா? இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், சந்தோஷம். சுருளைச் சொன்னாய், மடிப்பைச் சொன்னாய், ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்துவிட்டாய். நான் கேட்ட ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை. என் மருமகளைப் பற்றியும் ஒரு வரி இல்லை. வேலை அதிகம் என்று புரிந்துகொள்கிறேன்.

ஆனால் இங்கே என்னால் இனி ஒப்பேற்ற முடியாது. இருபதாம் தேதி மேலாளர் கையெழுத்துப் போடுகிறார். வேகக்காரனுக்குத்தான் போடுவார். 'வேகமா இருக்கு, பளிச்சுன்னு இருக்கு, இதுல என்னம்மா யோசனை' என்கிறார். நான் வேண்டாம் என்றால் அது என் பிடிவாதம். நிறம் தெரிந்த ஒருவர் எழுத்தில் கொடுத்தால் கேட்டுக்கொள்வாராம். அந்த ஒருவர் நீதான் என்று சொல்லிவிட்டேன்.

இத்துடன் இரண்டு தாள். இரண்டுமே அந்தந்த மெஷினின் ஐந்நூறாவது தாள். அவற்றின் ஜோடி, அடுத்து வந்த தாள், என்னிடம் இருக்கிறது. எது யாருடையது என்று எழுதவில்லை. பின்னால் பென்சிலில் 1, 2 என்று மட்டும் போட்டிருக்கிறேன். என் கண்ணுக்கு ஒன்று படுகிறது. அதைச் சொல்லி உன்னைக் கெடுக்க மாட்டேன். உன் வாயால் வரட்டும்.

ஒரே ஒரு வரி போதும். உடம்பைப் பார்த்துக்கொள். சளி என்று எழுதினாயே, அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சையே காணோம்.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். சளி அப்போதே போய்விட்டது.

இரண்டாவது தாள்தான். சிவப்பு சிவப்பாகவும் ஆரஞ்சு ஆரஞ்சாகவும் நன்றாக நிற்கிறது. முதல் தாள் கொஞ்சம் மங்கல். இந்தக் கடிதத்தையே மேலாளரிடம் காட்டு.

அவசரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

வாலு


மார்ச் 21

என் வாலுக்கு,

நேற்றுப் போனில் பேசியதைவிட அழுததுதான் அதிகம். நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அதனால் சொல்ல விட்டுப்போனதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தை மேலாளரிடம் காட்டவில்லை. இரண்டாவது தாள் வேகக்காரனுடையது. அதில் ஆரஞ்சே இல்லையடா. ஐந்நூறாவது தாளுக்குள் ஆரஞ்சு சிவப்பாகி, இரண்டு சிவப்பு மாத்திரைகள் பக்கத்துப் பக்கத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. எனக்கு முதலில் உன்மேல் கோபம் வந்தது. தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எழுதிவிட்டான் என்று நினைத்தேன். பிறகு என் கண்மேலேயே சந்தேகம் வந்தது. நிறம் உன் தொழில், நீ சொன்னால் சரியாகத்தானே இருக்க வேண்டும்? என்னிடம் இருந்த ஜோடித் தாளை எடுத்துக்கொண்டு எங்கள் மருந்தாளர் அம்மாவிடம் போனேன். மாத்திரைப் படங்களை முதலில் ஒப்புக்கொள்வது அவர்தான், அலட்டிக்கொள்ளாத மனுஷி. பார்த்தார்.

'இதுல ஆரஞ்சு நல்லாருக்குன்னு சொன்னது யாரு?'

'என் தம்பி. நிறம் பாக்கறதுதான் அவன் வேலையே.'

'அவர் ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?'

சளி என்று ஜனவரியில் எழுதினான், அப்புறம் ஒன்றும் இல்லை என்றேன். எப்போதிலிருந்து போனில் பேசவில்லை என்று கேட்டார். நவம்பர் என்றேன். அவர் தன் நாற்காலியை எனக்குப் போட்டு, 'இப்பவே கூப்பிடுங்க. எடுக்கற வரைக்கும் கூப்பிடுங்க' என்றார்.

ஏழாவது தடவை எடுத்தாய். படியேறி ஓடி வந்தாயோ என்னவோ, 'அக்கா' என்று சொல்வதற்கு முன்னால் இருமினாய். உன் மாமாவோடு இரண்டு வருடம் இருமலைக் கேட்டுக்கொண்டே படுத்தவள் நான். இருமலில் எது சளி, எது சளியில்லை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

காசநோய் என்றாய். நாலு மாதமாக மாத்திரை என்றாய். இப்போதெல்லாம் குணமாகிற நோய், இதைச் சொல்ல உனக்கு என்னடா பயம்?

மருந்தாளர் சொன்னதைத் திரும்ப எழுதுகிறேன், நீ பாதிதான் கேட்டிருப்பாய். அந்த மாத்திரைகளில் ஒன்று சிலருக்குக் கண் நரம்பைத் தொடும். முதலில் போவது சிவப்பும் பச்சையும்தான். நீயாக எதையும் நிறுத்தாதே, நீயாகத் தொடராதே. டாக்டரிடம் போய்க் கண்ணைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல். இந்தக் கடிதம் வரும்போது போய்விட்டு வந்திருப்பாய். போகவில்லை என்றால் அடுத்து வருவது கடிதமாக இருக்காது, நானாக இருப்பேன்.

உன் அக்கா


மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. எப்போதும் அவர் கடிதத்தின் அடியில் 'நானும் நலம்' என்று ஒரு வரி சேர்ப்பதோடு சரி. முதல் முழுக் கடிதமே இப்படி அமைந்துவிட்டது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

நீங்கள் போனை வைத்த மறுநாள் காலையிலேயே போனோம். மார்பு டாக்டர் உடனே கண் டாக்டரிடம் அனுப்பினார். அவர் புள்ளிகளாக இருந்த ஒரு புத்தகத்தை விரித்து உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கொட்டை எழுத்தில் ஐந்து தெரிந்தது. இவர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'எண் எங்க டாக்டர்? வெறும் புள்ளிதானே இருக்கு' என்றார். அடுத்த பக்கமும் அப்படியே. நாலாவது பக்கத்தில் நான் வெளியே வந்துவிட்டேன்.

நோய் எனக்குத் தெரியும் அண்ணி. அக்காவிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். கண் விஷயம் சத்தியமாக எனக்கும் தெரியாது. ஒவ்வொரு மாதமும் மார்பு டாக்டர் பார்வை எப்படி என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் இவர் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார். இப்போது யோசித்தால் எத்தனையோ புரிகிறது. சட்டையை நான் எடுத்து வைத்தால்தான் போட்டார். காய்கறி வாங்கப் போகச் சொன்னால் தட்டிக் கழித்தார். சோம்பேறித்தனம் என்று நான் பேசிய பேச்சு இருக்கிறதே.

அந்த மாத்திரையை நிறுத்தி வேறு கொடுத்திருக்கிறார்கள். நெஞ்சு நன்றாகத் தேறிவிட்டது, யாருக்கும் தொற்றாது என்கிறார்கள். இன்னும் இரண்டு மாதத்தில் அந்தச் சிகிச்சை முடிந்துவிடும். கண்தான் சொல்ல முடியாது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் எழுத்தும் போயிருக்கும், இனி மெதுவாகத் திரும்பலாம், முழுதாகத் திரும்புமா தெரியாது என்றார் கண் டாக்டர். இடது கண் பரவாயில்லை, வலதுதான் மோசம்.

வீட்டில் அதிகம் பேசுவதில்லை. உங்களுக்கு எழுதச் சொன்னேன். 'என்னத்த எழுத' என்றார். நீங்கள் கோபித்துக்கொண்டு எழுதாமல் இருந்துவிடாதீர்கள். தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலுக்குப் போய் நிற்கிறார்.

உங்களிடம் நாத்தனார் உறவைவிடத் தங்கை உறவு கேட்கும்,
தம்பி மனைவி


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

நீ மூன்று கடிதம் போட்டாய். நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. மூன்றிலும் பிரிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ கேட்காததால் நானே சொல்கிறேன்.

ஜனவரியில் உனக்கு எழுதியபோது என் கண் நன்றாகத்தான் இருந்தது. அந்த மாதக் கடைசியில் ஒரு அச்சகத்தில் மெஷின் சரிசெய்து கொடுத்தேன். அச்சகக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, 'என்ன சார், ஆள் மூஞ்சி பச்சையா இருக்கு' என்றார். எனக்கு அந்த முகம் சரியாக இருந்தது. அவர் விளக்கைக் குற்றம் சொன்னேன். மறுநாள் இன்னொரு இடத்திலும் அப்படியே ஆனதும் அளக்கும் கருவியை எடுத்து வைத்து, அது காட்டுகிற எண்ணைப் பார்த்தே வேலையை ஒப்பேற்ற ஆரம்பித்தேன். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு நிறமாகக் கழன்றது. எல்லாம் ஈரமண் நிறத்துக்கு வந்து நின்றது.

யாரிடம் சொல்வேன்? நிறம் தெரியாத நிறக்காரனை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? டாக்டரிடம் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று இருந்தது. முட்டாள்தனம்தான். உன்னிடம் நோயைச் சொல்லாததற்குக் காரணம் வேறு. மாமாவின் கடைசி நாட்களில் அந்த வார்டு வாசலில் நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். யாராவது உள்ளே இருமினால் எழுந்து நிற்பாய். மறுபடியும் உன்னை எழுந்து நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் போன் வேண்டாம் என்றேன்.

நீ அனுப்பிய தாள்களை ஜன்னலருகில் வைத்து அரை மணி நேரம் பார்த்தேன் அக்கா. இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. இரண்டாவது கொஞ்சம் பளபளத்தது, அதையே எழுதினேன். பூவா தலையா போட்ட மாதிரிதான். நீ நம்பிக் கேட்டது, உன் மேலாளர் கையெழுத்துப் போடப்போவது, அந்த அட்டையைப் பார்த்து யாரோ ஒருவர் மாத்திரை போட்டுக்கொள்ளப் போவது எல்லாம் தெரிந்தே எழுதினேன். நோயை மறைத்ததற்கு நீ மன்னிப்பாய். இதற்கு என்னை நானே மன்னிக்க நாளாகும்.

போன வாரம் எங்கள் தலைமைப் பொறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'ஜனவரி கடைசியிலேருந்து நீ சரிபண்ணின மெஷின் எல்லாத்தையும் எழுதிக் கொடு. முதல்ல அதப் பாப்போம், அப்புறம் உன்னப் பாப்போம்' என்றார். பதினொன்று. போய்ப் பார்த்ததில் இரண்டைத் திருத்த வேண்டியிருந்தது. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. உருளை, சூடு, தாள் ஓடும் பாதை, இதெல்லாம் இப்போது என் பொறுப்பு. நிறத்தை என்னோடு வேலை செய்கிற ஒரு அம்மா பார்க்கிறார். அவர் சொல்வதை நான் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அலுவலகத்தில் என்ன ஆயிற்று? என்னால் உனக்குத் தலைகுனிவு ஒன்றும் வரவில்லையே?

உன் வாலு


மே 5

என் தங்க வாலுக்கு,

மன்னிப்புக் கணக்கை இத்தோடு மூடு. நீ எழுதியது தப்புதான், அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் அந்தத் தப்பான வரி வராமல் 'முதல் தாள்' என்று குருட்டாம்போக்கில் சரியாக எழுதியிருந்தாயானால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தாயா? நான் கடிதத்தை மேலாளரிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். நீ அங்கே அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருந்திருப்பாய்.

தலைகுனிவெல்லாம் இல்லை. மார்ச் இருபதாம் தேதி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார் மேலாளர். 'நிறம் தெரிஞ்சவர் எழுதித் தருவார்னீங்களே, எங்க?' என்று கேட்டார். அவனுக்கு உடம்பு சரியில்லை, நானே சொல்கிறேன் என்றேன். இரண்டு தாளையும் மேஜைமேல் வைத்தேன். அவருக்கும் ரத்தக்கொதிப்பு உண்டு, பத்து வருடமாக அதே ஆரஞ்சு மாத்திரைதான். மேஜை இழுப்பறையிலேயே இருக்கும்.

'உங்க மாத்திரை இதுல எதுன்னு காட்டுங்க சார்' என்றேன்.

முதல் தாளில் பட்டென்று விரலை வைத்தார். இரண்டாவதில் விரல் போய் நின்றது, பக்கத்துக்கு நகர்ந்தது, திரும்பி வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மருந்தாளர் அம்மா என் பின்னால் நின்றிருந்தார். கடைசியில் மேலாளர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 'அந்தத் தச்சர் இப்ப எப்படி இருக்கார்?' என்றார். நாலு மாதத்தில் அதை அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

நிதானக்காரன் வந்து ஒரு வாரம் ஆகிறது. லிஃப்டில் இரண்டு விரற்கடை மிச்சம் வைத்து ஏறினான். காலையில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று தாளை ஜன்னலோரம் கொண்டுபோய் நானே பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். இத்தனை நாளும் என் கண்ணை நம்பாமல் உன்னையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தச்சருக்கு நானே நேரில் போய்ப் புது அட்டை கொடுத்தேன். என்னை உட்கார வைக்க ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். அவரே செய்ததாம், ஆடவே இல்லை.

பதினெட்டாம் தேதி கிளம்பி வருகிறேன். பத்து நாள் லீவு. உன் மனைவி ஒரு வேலையும் செய்யக் கூடாது என்று இப்போதே சொல்லி வை. நீ தடுத்து எழுதினாலும் கடிதம் வருவதற்குள் நான் வந்துவிடுவேன்.

உன் அக்கா


ஜூலை 2

அன்பு அக்காவுக்கு,

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. போனில் தினம் பேசுகிறோமே, இன்னும் எதற்குக் கடிதம் என்று உன் தம்பி மனைவிக்குச் சிரிப்பு. இன்றைக்கு நடந்ததைப் போனில் சொல்ல முடியாது. சொல்ல ஆரம்பித்தால் நடுநடுவே செருமுவேன், நீ இருமல் என்று நினைத்துப் பயந்துவிடுவாய்.

மாத்திரையெல்லாம் முடிந்தது. மார்பில் படம் எடுத்துப் பார்த்து, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வலது கண்ணில் பெரிய மாற்றம் இல்லை. இடது கண்ணில் போன வாரம் புள்ளிப் புத்தகத்தில் மூன்று எண் சொன்னேன். பழைய வேலைக்குத் திரும்ப அது போதாது என்று எனக்குத் தெரியும், பொறியாளருக்கும் தெரியும். உருளைகளோடு பழகிக்கொண்டிருக்கிறேன். சத்தத்தைக் கேட்டே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்ல வருகிறது.

இன்று மத்தியானம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. உன் மருமகளை அழைத்து வரப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசலில் நூறு பிள்ளைகள், நூறு மழைக்கோட்டு, எல்லார் தலையிலும் முக்காடு. கடைசி மணி அடித்ததும் அப்படியே ஒரு கூட்டமாக வெளியே பொங்குவார்கள். பிப்ரவரியிலிருந்து மழை நாட்களில் நான் என்ன செய்வேன் தெரியுமா? கேட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரே கம்பத்தடியில் நிற்பேன். அசைய மாட்டேன். அவளாகக் கையாட்டிக்கொண்டே வந்து என் கையைப் பிடிக்கட்டும் என்று காத்திருப்பேன். எனக்கு அவ்வளவு கோட்டும் ஒரே நிறம். 'அப்பா ஏன் என்னப் பாத்தும் பாக்காத மாதிரியே நிக்கறீங்க' என்று ஒருநாள் கேட்டாள். மழையில் சரியாகத் தெரியவில்லை என்றேன்.

இன்றைக்கும் அந்தக் கம்பத்தடியில்தான் நின்றேன். கூட்டம் வந்தது. நடுவில் ஏதோ ஒன்று தனியாகத் தெரிந்தது. பிரகாசமாக என்று சொல்ல மாட்டேன், பழைய துணியில் காய்ந்த சாயம் மாதிரி. ஆனால் மற்றதெல்லாம் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தேன். சிவப்பு அக்கா. அவளுக்கு யார் வாங்கிக் கொடுத்த கோட்டு, எந்தக் கடையில் வாங்கியது என்றுகூட எனக்கு நினைவில்லை, ஆனால் அவள் கோட்டு சிவப்பு.

கம்பத்தை விட்டுவிட்டு நடந்தேன். பிள்ளைகளை விலக்கிக்கொண்டு நேரே போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். முக்காட்டின்மேல் கையை வைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தாள். 'நான் இன்னும் கையே ஆட்டலியேப்பா' என்றாள்.

இரண்டு பேரும் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தோம். குடை என் கையில்தான் இருந்தது. விரிக்க மறந்துவிட்டேன்.

உன் வாலு